தட்டல் கேட்காத ஜன்னல்

போன வருடம் தீபாவளிக்கு முந்திய வாரம் அது. கிள்ளானில் வழக்கமாகப் போகும் ஒரு வரிசை வீட்டுக்கு ஜன்னல் கழுவப் போயிருந்தேன். பிரிக்பீல்ட்ஸிலிருந்து வாளியும் ரப்பர் வைத்த நீளக் கம்புமாக ரயிலேறிப் போவேன். கூட ஆள் கிடையாது, எல்லாம் நான்தான். என் படிப்பு இரண்டாம் வகுப்போடு நின்றது. ஆனால் நான் துடைத்த கண்ணாடியில் ஒரு கோடு விழாது. அதைச் சொல்லிக்கொள்ள எனக்கு வெட்கமில்லை.

அந்த வீட்டு அக்கா தனியாக இருப்பவர். எனக்கு வெளிக் கேட்டைத் திறந்துவிட்டு, உள்ளே போய் இரும்புக் கம்பிக் கதவான கிரில்லைப் பூட்டிக்கொள்வார். பிறகு நான் எந்த ஜன்னலுக்குப் போனாலும் உள்ளேயிருந்து கூடவே வந்து, மோதிர விரலால் கண்ணாடியைத் தட்டுவார்.

"இங்க ஒரு புள்ளி இருக்கு பாரு. கண்ணு தெரியலன்னா ஸ்பெக்ஸ் போடு லா!"

"அது ஒங்க பக்கத்து அழுக்குக்கா. நீங்கதான் தொடைக்கணும்."

அன்று முன் ஜன்னல் முடிந்தது. பக்க ஜன்னலும் முடிந்தது. தட்டலே இல்லை. நிம்மதி என்றுதான் முதலில் நினைத்தேன். மூன்றாவது ஜன்னலில் கை ஓடவில்லை. அப்போதுதான் கருகல் நாற்றம் வந்தது.

பின்பக்கம் ஓடினேன். சமையலறைக் கதவு திறந்திருந்தது; கிரில் மட்டும் பூட்டியிருந்தது. உள்ளே அக்கா தரையில் சரிந்து கிடந்தார். அடுப்பு எரிய, சட்டியிலிருந்து கறுப்பாகப் புகை. கூப்பிட்டேன். உதடு மட்டும் அசைந்தது. "டோலோங்! டோலோங்!" என்று மலாயில் உதவி கேட்டுத் தெருவுக்கே கேட்கக் கத்தினேன். எல்லோரும் வேலைக்குப் போன நேரம். ஒரு கதவும் திறக்கவில்லை.

எதிர்ச் சுவரில் ஆணியில் சாவி தொங்கியது. கிரில் கம்பிகளுக்கு நடுவே கம்பை நீட்டினேன். சாவி ஆணியிலிருந்து கழன்று தரையில் விழுந்தது. ரப்பரைத் தரையோடு அழுத்தி, கண்ணாடியில் தண்ணீரை வழிப்பதுபோல இழுத்தேன். சாவி நழுவியது. புகை என் கண்ணுக்கு வந்துவிட்டது. 'அவசரப்படாதேடி' என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, மெதுவாக, இன்னும் அழுத்தி இழுத்தேன். வாசற்படிக்கு வந்தது சாவி.

கிரில்லைத் திறந்து உள்ளே ஓடி, அடுப்பை அணைத்துவிட்டு ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டேன். அக்காவுக்கு இனிப்பு நீர், அதாவது சர்க்கரை வியாதி, உண்டு என்று எனக்குத் தெரியும். காலையில் மருந்தைப் போட்டுவிட்டுச் சாப்பிடாமல் இருந்திருக்கிறார்; சர்க்கரை ஒரேயடியாக இறங்கிவிட்டது. தலையைத் தூக்கிப் பிடித்ததும் கண் விழித்தார். சீனித் தண்ணீரை ஒவ்வொரு வாயாகக் கொடுத்தேன். கொஞ்ச நேரத்தில் என் முகத்தையே பார்த்தார்.

"ஜன்னல் முடிஞ்சிருச்சா?"

"எழுந்து வந்து புள்ளி இருக்கான்னு பாருங்கக்கா," என்றேன்.

அக்கா பிழைத்துக்கொண்டார். இப்போதும் மாதம் ஒரு முறை போகிறேன். கோடு விழாமல் துடைப்பதே பெருமை என்று இருந்தவள் நான். அந்த வீட்டில் மட்டும் ஒவ்வொரு ஜன்னலிலும் ஒரு மூலையில் ஒரு புள்ளியை விட்டுவைத்து, உள்ளேயிருந்து தட்டல் கேட்கும்வரை நகராமல் நிற்கிறேன்.