முற்றின இலையும் ஒரு வர்க்கியும்

நாலாம் வகுப்பு விடுமுறைக்கு என்னைத் தேவாலாவில் சித்தப்பா வீட்டில் விட்டிருந்தார்கள். சித்திக்கு மார்பில் வந்த புற்றுநோய்க் கட்டியை அப்போதுதான் கோயமுத்தூரில் எடுத்திருந்தார்கள். மருந்து ஏற்றுவது பாக்கி. சித்தியோ சாப்பிடாமல், பேசாமல், சுவரைப் பார்த்துப் படுத்தே கிடந்தார். மேட்டில் கோயமுத்தூர் பஸ் ஹாரன் அடித்தால் போதும், அவருக்கு உள்ளங்கை வேர்த்து நெஞ்சு படபடக்கும். உடம்பு தேறினால்தான் அந்த மருந்து என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

என்னை விட வந்த அம்மாவிடம் சித்தப்பா சொன்னது நினைவிருக்கிறது. "கட்டிங்கற யானை போயிருச்சுங்க அண்ணி. அவ உடம்பு மட்டும் அதை விரட்ட இன்னும் தகரத்தைத் தட்டிட்டே இருக்குது."

மனச்சோர்வுக்கென்றே டாக்டர் ஒரு மாத்திரை கொடுத்திருந்தார். அது பிடிக்கச் சில வாரமாகும் என்றாராம். காத்திருப்பது சித்தப்பாவுக்கு வராத வித்தை.

அவர் தேயிலை எஸ்டேட்டில் ஆட்களை வேலை வாங்கும் கங்காணி. ஒரு முற்றின இலை கண்ணில் பட்டாலும் பறித்தவரின் கூடையையே கவிழ்த்துவிடுவார். கல்யாணத்துக்கு முன் அங்கே கொழுந்து எடுத்த சித்தியின் கூடையில் மட்டும் அவரால் குற்றம் கண்டுபிடிக்க முடிந்ததே இல்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை என்னைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்குப் பின்னால் இருந்த சொந்தச் செடிகளில் இறங்கினார். படுக்கையறை ஜன்னலுக்கு நேர் எதிர் வரிசை. கொழுந்தை விட்டுவிட்டு முற்றின இலையையும் காம்பையும் பிடுங்கிப் போட்டார். கவலையில் மனிதருக்குத் தொழிலே மறந்துவிட்டது என்று நினைத்தேன். திருத்தப் போனால், பேசாமல் பறி என்றார். எனக்குப் பொறுக்கவில்லை. உள்ளே ஓடிப்போய்ச் சித்தியிடம் எல்லாவற்றையும் ஒப்பித்தேன்.

சித்தி தலையைத் திருப்பி ஜன்னல் வழியே பார்த்தார். பிறகு சால்வையைச் சுற்றிக்கொண்டு மெதுவாக எழுந்து வாசற்படி வரை வந்தார்.

"ஏனுங்க, அது கொழுந்தா, மாட்டுத் தீனியா?"

"எனக்கு இவ்வளவுதான் வரும். தெரிஞ்சவங்க வந்து காட்டலாம்."

"இந்தக் கையை வெச்சுட்டா ஊரார் கூடையைக் கவுத்தீங்க?"

திட்டிக்கொண்டே இறங்கிவந்து, அறுவை நடக்காத பக்கத்துக் கையால் இரண்டு இலையும் ஒரு கொழுந்துமாகக் கிள்ளி அவர் மூக்குக்கு நேரே நீட்டினார். மூச்சு வாங்கியது. அங்கேயே உட்கார்ந்து, பசிக்கிறது என்றார்.

மறுநாள் திரும்பவும் சுவரைப் பார்த்துப் படுத்துவிட்டார். அதற்கடுத்த நாள் எழுந்துவந்து திட்டினார். அப்படி ஏறி இறங்கியே தேறினார். மாத்திரையும் தன் வேலையைச் செய்திருக்கும். மருந்து ஏற்ற அதே கோயமுத்தூர் பஸ்ஸில் போனார், என் கையை நோகும்படி இறுக்கிப் பிடித்துக்கொண்டு.

இப்போதும் நான் போய்க் கொழுந்து பறித்தால், சித்தி என் கூடையைத்தான் குறை சொல்கிறார்.

அந்த ஞாயிறு சாயங்காலம் சித்தப்பா எனக்கு மட்டும் பேக்கரியிலிருந்து ஒரு பொட்டலம் மொறுமொறு வர்க்கி வாங்கிவந்தார். தின்றுகொண்டே குழம்பினேன். அவரைப் பற்றிக் கோள் சொன்னவள் நான். ஏச்சுத்தானே கிடைக்க வேண்டும்? பக்கத்துத் தொழிலாளர் லயத்தில் அத்தனை பிள்ளைகள் இருக்க, வாயை மூடத் தெரியாத என்னை ஏன் துணைக்கு அழைத்தார் என்று யோசிக்க அப்போது தோன்றவில்லை.