மூன்று முறை குளித்த எலி

வேப்பிலை அவித்த தண்ணீரின் கசப்பு வாடை மூக்கில் ஏறும்போதெல்லாம் என் உள்ளங்கை தானாகக் குவிந்துகொள்ளும். ஒன்பது வயதில், சாய்ந்தமருதில் எங்கள் கிணற்றடியில், ஒரு வெள்ளை எலியைக் கைக்குள் பொத்திப் பிடித்த பிடி அப்படி.

வாப்பாவின் தம்பி, சாச்சா, கொழும்பிலிருந்து வாங்கித் தந்த எலி. பெயர் சீனி. அதன் உடம்பில் கடிக்கும் "தெள்ளு"ப் பூச்சி பிடித்து, தவழும் தம்பியின் பாயிலும் ஏறி, பிள்ளையின் கால் முழுக்கச் சிவப்பாகத் தடித்துவிட்டது. பகல் சோறு தின்று கை கழுவிய வாப்பா, "அஸர் தொழுதுட்டு வந்து பாப்பன். ஒரு தெள்ளக் கண்டாலும் எலி இந்த ஊட்ட இரிக்கக் கூடா" என்றார். வாப்பா சொன்னால் சொன்னதுதான்.

பின்னேரம் அஸர் பாங்கு சொன்னதும் அவர் பள்ளிவாசலுக்குப் போனார். நான் வேப்பிலை அவித்த தண்ணீரோடு சீனியையும் தூக்கிக்கொண்டு கிணற்றடிக்கு ஓடினேன். குளிப்பு என்றால் எனக்குத் தெரிந்தது மதரசாவில் படித்த குளிப்புத்தான்: தலைக்கு மூன்று முறை, பிறகு வலப்பக்கம், பிறகு இடப்பக்கம். இளஞ்சூட்டு வேப்பந்தண்ணீரோடு விட்டிருக்கலாம். நானோ ஒழுங்கு பிசகாமல் குளிர்ந்த கிணற்றுத் தண்ணீரையும் அள்ளி அள்ளி ஊற்றினேன். கடைசிச் சிரட்டைத் தண்ணீரில் சீனி கத்துவதை நிறுத்திவிட்டது. ஊதினேன், சட்டையால் துடைத்தேன், அசையவில்லை. வாப்பா துரத்திவிடுவார் என்ற பயம் போய், நானே கொன்றுவிட்டேன் என்ற பயம் வந்தது.

அந்நேரம் பார்த்து வாப்பா வந்து நின்றார். "என்ன புள்ள, செத்த மையத்தக் குளிப்பாட்டின மாதிரி குளிப்பாட்டி வெச்சிரிக்காய்!" என்றவர், தொழுகைக்கு உடுத்த வெள்ளைச் சாரத்தோடு கிணற்றுக்கட்டில் அமர்ந்து, எலியை மடியில் சுருட்டித் தேய்க்கத் தொடங்கினார். நான் தெரிந்ததையெல்லாம் ஓதினேன். வெகுநேரத்துக்குப் பிறகு சீனியின் மீசை அசைந்தது.

கூடவே, சூடு கண்ட தெள்ளு ஒன்று வெள்ளைச் சாரத்தில் ஊர்ந்து வந்தது. நான் கண்டேன். வாப்பா கண்டதையும் கண்டேன். "தெள்ளு இரிக்கா?" என்று குசினி அடுப்படியிலிருந்து உம்மா கேட்டார். வாப்பா அதை நகத்தால் நசுக்கிவிட்டு, "ஒண்டுமில்ல" என்றார். மறுநாள் மிருக வைத்தியரிடம் மருந்து வாங்கி வந்தார். சீனியின் கூடு விறகுக் கொட்டிலுக்கு மாறியது.

இன்று அந்தக் கிணறு இல்லை, கொட்டில் இல்லை. வாப்பாவும் மௌத்தாகிவிட்டார். எலி வேண்டுமென்று என் மகள் அடம்பிடித்த போன மாதம்தான், எனக்காக அவர் சொன்ன அந்தப் பொய்யை உம்மாவிடம் உடைத்தேன். உம்மா வெங்காயம் உரிப்பதை நிறுத்தவில்லை.

"எனக்குத் தெரியாதா? அந்தச் சாரத்தக் கழுவினது ஆரு? இன்னும் ரெண்டு கிடந்திச்சி. உங்கட வாப்பாக்குப் பொய் சொல்லிப் பழக்கமில்ல, திருப்பிக் கேட்டா முழிச்சிருப்பார். அதான் கேக்கல்ல."