ஹலீமா லாத்தாவும் ஐந்து அல்மெய்டாக்களும்

எங்கள் தெரு வாசகசாலையின் நிர்வாகக் குழு சென்ற ஞாயிறு காலை கூடி, இரண்டு சுற்றுத் தேநீருக்குப் பின், வரலாற்று முக்கியத்துவம் வாய்ந்த முடிவொன்றை ஒருமனதாக எடுத்தது. நூற்பட்டியல் பெட்டியில் ‘அல்மெய்டா’ என்ற பெயரில் இருக்கும் ஐந்து அட்டைகளும் இனி ஒரே அட்டையாக்கப்படும். காரணம் இடநெருக்கடி. நானும் கை தூக்கினேன். நான்கு பேர் கையெழுத்திட்டபின் பதிவேடு என்னிடம் வந்தபோது தலைவரின் கைபேசி ஒலித்தது. சாவுச் செய்தி.

“ஹலீமா மவுத்தாயிட்டாங்களா? எந்த ஹலீமா?” என்று கேட்டார் தலைவர்.

“போஸ்டாபீஸ் ஹலீமாதாங்க” என்றது எதிர்முனை.

அந்த ஐந்து அட்டைகளையும் எழுதியவர் அவர்தான். கோட்டுச்சேரி அஞ்சலகத்தில் கடிதங்களைத் தெருவாரியாகப் பிரிக்கும் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். தெருவுக்கே லாத்தா, அதாவது அக்கா. பிரான்சுக்குக் குடிபோன குடும்பமொன்று விட்டுச்சென்ற இரண்டு அலமாரிப் புத்தகங்களை ஊதியமின்றிப் பட்டியலிட்டார். அவற்றில் போர்த்துகீசியர் மலிந்திருந்தார்கள். அவருக்கு முன் பட்டியல் எழுதியவர், நம் ஊர் வழக்கப்படி, கடைசியில் வரும் பெயரே ஆளின் பெயர் என்று நம்பி ஒரே அட்டை போட்டிருந்தார்; போர்த்துகீசியருக்கோ அது குடும்பப் பெயர். அதன்படி திருவாளர் அல்மெய்டா ராஜப்பிரதிநிதியாக வந்து துறைமுகங்களைக் கொளுத்தினார், கடற்போரில் மாண்டார், பிறகு ஜப்பானில் மருத்துவமனை திறந்தார், வேதாகமத்தைப் போர்த்துகீசிய மொழிக்குக் கொண்டுவந்தார், நானூறு ஆண்டு உழைப்புக்குப் பின் குடியரசுத் தலைவரானார்.

லாத்தா அதைக் கிழித்துப்போட்டு ஐந்து அட்டை எழுதினார். வாசகசாலைத் தலைவர் ஆட்சேபித்தார்.

“எல்லாம் ஒரே பேருதானே, லாத்தா?”

“பேரு ஒண்ணுன்னா ஆளும் ஒண்ணா? கடல்ல செத்தது மவன். அதக் கேட்டு அழுதவன் வாப்பா. ரெண்டு பேரயும் ஒரே கபுர்ல போடுறீங்களே!”

“அவனுவதான் ஒங்க முன்னோர் கப்பலயெல்லாம் கொளுத்துனானுவ. அவனுவளுக்கு வக்காலத்தா?”

“கொளுத்துனவன் பாவத்த மருந்து குடுத்தவன் தலையில எழுதாதீங்க. மருந்து குடுத்தவனக் காட்டி கொளுத்துனவனும் தப்பிச்சுடக் கூடாது. அதுக்குத்தான் அஞ்சு அட்ட.”

இந்தப் பிடிவாதம் புத்தகத்தில் கற்றதல்ல. தந்தி இருந்த காலத்தில் வளைகுடாவிலிருந்து ஒன்று வந்தது: முகமது அலி இறந்துவிட்டார். முகவரி, முகமது அலி வீடு, பள்ளிவாசல் தெரு. அந்தத் தெருவிலிருந்து மூன்று முகமது அலிகள் அங்கே வேலைக்குப் போயிருந்தார்கள். முதல் வீட்டில் கொடுக்கக் கிளம்பிய தபால்காரரிடமிருந்து தந்தியை வாங்கி மேசை இழுப்பறையில் வைத்துப் பூட்டினார் லாத்தா. தகப்பன் பெயர் விசாரித்துத் தெரிய மாலையாகிவிட்டது. இரண்டு வீடுகளில் அன்று வழக்கம்போல் சோறு பொங்கியது. தாமதத்துக்கு மேலதிகாரி விளக்கம் கேட்டார். லாத்தா எழுதிக் கொடுத்தது ஒரே வரி: “எந்த முகமது அலி என்று கேட்டேன்.” கண்டித்து மெமோ வந்தது. அதைச் சட்டம் போட்டு வீட்டுக் கூடத்தில் மாட்டிக்கொண்டார்.

போன மாதம் படுக்கையில் இருந்தவரைப் பார்க்கப் போனேன். நலம் விசாரிக்க விடவில்லை.

“அட்டயெல்லாம் இருக்கா, தம்பி?”

“இருக்கு, லாத்தா.”

“நா போனதும் சேத்துப்புடுவாங்க. கையெழுத்துக் கேட்டா, எந்த அல்மெய்டான்னு கேளுங்க. பதில் தெரிஞ்சவன் போடட்டும்.”

தலையாட்டிவிட்டு வந்தேன். பிறகுதான் ஞாயிற்றுக்கிழமை கை தூக்கினேன். அவரைப் பற்றிப் படிக்கும் நீங்கள் இதையும் அறிந்திருக்க வேண்டும்.

அடக்கம் முடிந்து திரும்பும்போது தலைவர், “அந்தக் கையெழுத்த மட்டும் போட்டுடுங்க, சார்” என்றார்.

“எந்த அல்மெய்டா?” என்றேன்.

அவர் மூக்குக் கண்ணாடியைத் துடைத்தார்.

லாத்தாவிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்தக் கேள்விதான். பதிவேடு என் வீட்டில் இருக்கிறது. தீர்மானத்துக்கு ஐந்து கையெழுத்து வேண்டும் என்பது விதி. நான்கு இருக்கின்றன.