பத்தாவது பெண்

கடையில் வாங்கி வந்த பீங்கான் கோப்பைகளை நேற்று பிரித்தேன். பெட்டிக்குள் திணித்திருந்த வைக்கோலின் வாசனை மூக்கில் ஏறியது. ஒரு கோப்பை விரிசல். வேறு நாளாக இருந்தால் கடைக்காரனை உண்டு இல்லை என்று ஆக்கியிருப்பேன். நேற்று அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

எங்கள் பள்ளிக்கூட வண்டியில் இதே வாசனைதான். மயிலாப்பூரில் ஒரு வாடகை வீடு, நாலு டீச்சர், ஒரு மாட்டு வண்டி. பள்ளிக்கூடம் அவ்வளவுதான். சர்க்காரும் நடத்தவில்லை, மிஷனும் நடத்தவில்லை. பெரிய டீச்சரின் பிடிவாதம் நடத்தியது. வண்டிக்கு வைக்கோல் மெத்தை, இரண்டு பக்கமும் திரை. நான் திரையை விலக்கி வேடிக்கை பார்ப்பேன். "இன்னா பாப்பா, தலைய உள்ள இஸ்துக்கோ" என்று வண்டிக்கார ஆறுமுகம் அதட்டுவார்.

பெரிய டீச்சர் வீடு வீடாக ஏறி இறங்கி நான்காம் பாரம், இப்போதைய ஒன்பதாம் வகுப்பு, தொடங்கினார். பத்துப் பெண்கள் இருந்தால்தான் அனுமதி. சரியாகப் பத்துப் பேர் சேர்ந்தோம். கணக்கில் நான் மக்கு. பக்கத்தில் அலமு உட்கார்ந்திருந்ததால் பிழைத்தேன். விடையைக் காட்டமாட்டாள், வழியை மட்டும் சொல்லித் தருவாள். அதில் எனக்குக் கோபம்கூட உண்டு.

தை மாதம் அவளுக்குக் கல்யாணம். மாமனார், மாம்பலத்தில் புதுவீடு கட்டியிருந்த வக்கீல். பெண்கள் படிக்க வேண்டும் என்று மேடைக்கு மேடை பேசுகிறவர். அதனால் நாங்கள் கவலைப்படவில்லை. இரண்டு வாரமாகியும் அலமு வரவில்லை. பெரிய டீச்சர் என்னையும் அழைத்துக்கொண்டு அந்த வீட்டுக்குப் போனார்.

நாற்காலி வந்தது, காபி வந்தது. "போன வாரம்கூட உங்க பள்ளிக்கூடத்தைப் பத்தி மீட்டிங்ல பேசினேனே" என்றார் வக்கீல்.

"அலமுவை அனுப்பினாத்தான் கிளாஸ் நிலைக்கும். இல்லேன்னா மத்த ஒம்பது பேரும் ஆத்தோட இருக்க வேண்டியதுதான்" என்றார் டீச்சர்.

"நான் வேண்டாம்னு சொல்வேனா? ஆத்துல பெரியவாள்லாம் இருக்கா. நாட்டுப்பொண் புஸ்தகத்தைத் தூக்கிண்டு போனா நன்னாவா இருக்கும்?"

டீச்சர் அரைமணி நேரம் வாதாடினார். ஒவ்வொன்றுக்கும் வக்கீல் "வாஸ்தவம்" என்று தலையாட்டினார். மறுத்துப் பேசியிருந்தாலாவது சண்டை போட்டிருக்கலாம்.

டம்ளரை எடுக்க வந்த அலமு என் பக்கம் குனிந்தாள். "அல்ஜீப்ரா எவ்வளவு தூரம் ஆச்சு?"

"இன்னும் ஆரம்பிக்கவேயில்லை" என்றேன். ஆறு பாடம் முடிந்திருந்தது. அவள் முகம் தெளிந்தது. நான் செய்தது சரியா தப்பா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

அந்த மாதமே வகுப்பை மூடினார்கள். கரும்பலகையில் இருந்த பாட அட்டவணையைப் பெரிய டீச்சர் தானே அழித்தார். வீட்டோடு இருந்த எங்களையும் ஆண்டு விழாவுக்குக் கூப்பிட்டிருந்தார்கள். தலைமை யார் தெரியுமா? அதே வக்கீல்! தையலுக்காக எனக்கு ஒரு பரிசு. "மேல படிக்கணும், என்ன?" என்றார். பல்லைக் கடித்துக்கொண்டு வாங்கிக்கொண்டேன்.

அந்த வாடகை வீடு இன்று இல்லை. பள்ளிக்கூடம் வேறு தெருவில் மூன்று மாடியாக நிற்கிறது. நான்காம் பாரம் என்ற பேர்கூடப் போய்விட்டது. அலமு முப்பது வயதைத் தாண்டவில்லை. பெரிய டீச்சரும் போனார், வக்கீலும் போனார். வக்கீலிடம் கேட்க வேண்டியதை எல்லாம் மனசுக்குள் திருத்தித் திருத்தி வைத்திருக்கிறேன். சண்டை போடத்தான் ஆள் இல்லை.