கல்லில் ஊற்றிய பால்

நான் ஏழாம் வகுப்போடு நின்றவள். எழுத்தில் பிழை கண்டால் நீங்களே திருத்தி வாசியுங்கள். மன்னிப்புக் கேட்டு எனக்குப் பழக்கமில்லை.

எண்பத்தைந்தில், டென்மார்க்கில் ஓல்போர்க்குக்கு வெளியே ஓர் அகதி முகாமில் அப்பா, அம்மாவோடு இருந்தேன். வயது பதின்மூன்று. ஊரில் ஆமிக்காரர் பிடித்துக்கொண்டுபோன அண்ணனைப் பற்றி ஐந்து மாதமாக ஒரு செய்தியும் இல்லை. கும்பிட ஒரு கோயில் இல்லையே என்று அம்மா தவித்துக்கொண்டிருந்தார். அந்த வெறும் வயல்வெளியில் கோயிலுக்கு எங்கே போவது?

ஒருநாள் முகாமில் வேலை செய்த டெனிஷ்காரி எங்களைப் பஸ்ஸில் ஏற்றி, அந்தப் பக்கத்துப் பழைய இடங்களைக் காட்டக் கூட்டிப்போனார். முதலில் வெள்ளையடித்த தேவாலயம். பிறகு ஒரு மேடு. அதன் உச்சியில் மூன்று பாறைகள் நிற்க, மேலே யானை முதுகுபோல ஒரு கல் மூடியிருந்தது. உள்ளே இருட்டு. டெனிஷ்காரி இங்கிலீஸில் நெடுநேரம் கதைத்தார்.

“என்னவாம் பிள்ளை?” என்றார் அம்மா.

முகாமில் இங்கிலீஸ் தெரிந்தவள் என்று எனக்குப் பெயர். உண்மையில் ‘ஓல்ட்’ என்ற ஒன்றுதான் விளங்கியது.

“பழைய கோயிலாம்.”

அம்மா செருப்பைக் கழற்றினார். மத்தியானச் சாப்பாட்டோடு தந்த பால் பெட்டியைப் பல்லால் கிழித்தார். அண்ணனின் பெயரையும் நட்சத்திரத்தையும் சொல்லி, “என்ரை பிள்ளையை உயிரோடை தா” என்று கல்லின்மேல் ஊற்றினார்.

டெனிஷ்காரி பதறி ஓடிவந்தார். சொல்லிப் பார்த்தார். பிறகு கண்களை மூடி, கைகளை நெஞ்சில் மடித்து, பிணம்போல நின்று காட்டிவிட்டுக் கல்லின் உள்ளே விரலை நீட்டினார்.

“ஐயோ, உது சவம் தாட்ட இடமெல்லோ!” பின்னால் நின்ற, முகாமில் பக்கத்து அறை மாமி கத்தினார். “காடாத்துக்கு ஊத்துறமாதிரி ஊத்திப்போட்டியேயடி! ஆர் உனக்குக் கோயில் எண்டது?”

“ஒருத்தரும் இல்லை. நான்தான் நினைச்சன்” என்றார் அம்மா. என் பக்கம் திரும்பவேயில்லை.

பஸ்ஸில் அழுதுகொண்டே வந்தார். பால் வீணாகிவிட்டதே என்றுதான் அழுகிறார் என நினைத்து, என் பால் பெட்டியை நீட்டினேன். அவர் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

எங்களில் பெண்பிள்ளைகள் சுடலைக்குப் போவதில்லை. எரித்த சாம்பலில் பால் ஊற்றுவதுதான் காடாத்து என்பதை, அப்பா செத்தபோதுதான் அறிந்தேன்.

அண்ணனைப் பற்றிக் கடைசிவரை ஒன்றும் வரவில்லை. இருந்தானோ இல்லையோ, அந்தப் பிள்ளைக்குக் காடாத்தைத் தன் கையாலேயே செய்து முடித்துவிட்டதாகத்தான் அம்மா நம்பினார். சாகும்வரை தேத்தண்ணிக்குக்கூடப் பால் விடவில்லை.

‘விளங்கவில்லை அம்மா’ என்று அன்றைக்குச் சொல்லியிருக்கலாம். பிறகும் எத்தனையோ வருடம் இருந்தது. அப்போதும் சொல்லவில்லை.