திருமண் இட்ட சி.ஐ.டி.

அவர் பெயர் எங்களுக்குத் தெரியாது. சி.ஐ.டி. என்பது மட்டும் ஸ்ரீரங்கம் முழுக்கத் தெரியும். வெடிகுண்டு செய்யும் ரகசியக் கூட்டங்கள் ஊருக்கு ஊர் முளைத்த காலம் அது. என் காபி கிளப் மாடியில் குடியிருந்த மூன்று காலேஜ் மாணவர்களைக் கண்காணிக்க, பெருமாள் சேவிக்க வந்தவர் போல நெற்றி நிறையத் திருமண் இட்டுக்கொண்டு தினமும் காலையில் வருவார்.

கனத்த உடம்பு, முழங்கால் வலி. பெஞ்சில் உட்காரும்போதெல்லாம் "அப்பா, முருகா" என்று தன்னையறியாமல் சொல்லிவிடுவார். சப்ளையர்கள் உள்ளே ஓடிப்போய்ச் சிரிப்பார்கள். மாடிப் பையன்களும் சிரித்தார்கள்.

ஒருநாள் காபியைக் குடித்துவிட்டு நேரே என் மேஜைக்கு வந்தார்.

"நாளைக்கு விடிகாலையில சோதனை போட வராங்க. வெடிமருந்தையெல்லாம் கொள்ளிடத்துல கொட்டிட்டு, அந்தப் பசங்களை இன்னிக்கே வெளியூர் போகச் சொல்லுங்க."

"நீங்க சொல்றதை எப்படிங்க நம்புறது?"

"முருகன் மேல சத்தியம்."

மாடியேறிச் சொன்னேன். "நாம மூட்டையோட வாசலுக்கு வந்தா பிடிக்கலாம்னு பாக்கறார்" என்றான் மூத்தவன். யாரும் நகரவில்லை.

விடிகாலையில் போலீஸ் வந்து மூவரையும் விலங்கு மாட்டி இறக்கியது. கூட வந்தவர்களில் அவரும் இருந்தார், காக்கி உடுப்பில், நெற்றியில் திருநீறோடு. ஏன் எங்களை எச்சரித்தார் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. ஆனால் எங்களிடம் சத்தியம் செய்தது தன் சொந்தச் சாமி மேல்தான் என்பது அந்தத் திருநீற்றைப் பார்த்த பிறகே எனக்கு உறைத்தது.

பையன்களை வண்டியில் ஏற்றும்வரை பார்த்துக்கொண்டு நின்றவர், பிறகு வழக்கமான பெஞ்சில் வந்து உட்கார்ந்தார். அன்றைக்கு முருகனைக் கூப்பிடவில்லை.