கப்பல் டிக்கெட்டும் உப்புத்தாளும்

1. முகம் தெரிந்த பந்து

என் நிக்காஹுக்கு இருபத்திரண்டு நாள் இருந்தது. மேனேஜர் ஒரு மரப்பந்தைக் கொண்டுவந்து என் லேத் மெஷின் பக்கத்தில் வைத்தார். போர்ட் பிளேரிலிருந்து போட்டில் போகிற லாங் ஐலண்ட் தீவில், மரப் பட்டறையில் அப்போது நான் டர்னர். ஸ்டூல் காலும் கோடாரிப் பிடியும் கடைகிறவன்.

"காதர், இது வழுக்கிக்கிட்டு நேரா போவுது, திரும்ப மாட்டேங்குது. சனிக்கிழமை ஆட்டத்துல நான் ஜெயிச்சா உன் லீவுல கையெழுத்து. தோத்தேன்னா பேனாவைத் தொடமாட்டேன்."

ஆபீசர் கிளப்பில் வெள்ளைக்காரன் விட்டுப்போன பலகைப் பாதை ஒன்று உண்டு. ஒரு கோடியில் ஒன்பது கட்டைகளை நிறுத்தி, மறுகோடியிலிருந்து பந்தை உருட்டுவார்கள். பக்கவாட்டில் போய் வளைந்து அடித்தால்தான் கட்டை நிறைய விழும். பலகை மழையில் ஊறாமலிருக்க கிளப்பைக் காவல் காக்கும் ராஞ்சிக்கார சௌகிதார் சோம்ரா வாராவாரம் தேங்காயெண்ணெய் பூசுவார்.

நான் என்ன செய்தேன்? ரெண்டு நாள் உட்கார்ந்து பந்துக்குப் பாலிஷ் போட்டேன். மீசை தெரிந்தது அதில். மேனேஜர் உருட்டினார். பந்து ஒரு கட்டையையும் தொடாமல் பின்சுவரில் போய் முட்டியது.

"முகம் பாக்கவாய்யா கேட்டேன்?"

எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. பந்தை எடுக்க வெறுங்காலோடு பலகையில் இறங்கினேன், சறுக்கி உட்கார்ந்துவிட்டேன். இடுப்பு வலித்தாலும் விஷயம் புரிந்தது. எண்ணெய்மேல் வழவழப்பானது எதுவும் பிடிக்காது. டர்னருக்குப் பளபளப்பைக் கெடுப்பது பெற்ற பிள்ளையை அடிப்பது மாதிரி. ஆனாலும் முரட்டு உப்புத்தாளால் பந்து முழுக்கத் தேய்த்துச் சொரசொரப்பாக்கினேன். இப்போது பாதி தூரம் வழுக்கி, கடைசியில் பிடித்துத் திரும்பியது. ஆறு கட்டை விழுந்தது.

2. சனிக்கிழமை

எதிராளி போர்ட் பிளேரிலிருந்து போட்டில் வந்த திருச்சிக்காரர். ஹெட் கிளார்க் என் காதைக் கடித்தார்: "மெயின்லேண்ட் கப்பல்ல இடம் குடுக்கற ஆபீசர் இவருதாம்ப்பா."

மேனேஜர் தோற்றால் லீவு இல்லை. ஜெயித்தால் கப்பல் இல்லை. எப்படியும் மாப்பிள்ளை இல்லாத நிக்காஹ்தான்.

போதாக்குறைக்குப் பலகை காய்ந்து கிடந்தது. "தேல் கதம் ஹோ கயா, பாய். ரேஷன் ஜஹாஜ் நஹி ஆயா," என்றார் சோம்ரா. கப்பல் வராததால் எண்ணெய் தீர்ந்துவிட்டதாம். மேனேஜர் உருட்டிய சொரசொரப் பந்து காய்ந்த பலகையை உடனே பிடித்து, நடுவழியிலேயே திரும்பி ஓரக் குழியில் விழுந்தது. அவர் என்னைப் பார்த்தார். பட்டறையில் விரல் போனவனைக்கூட அப்படிப் பார்த்ததில்லை.

"துடைச்சுத் தரேன் சார்" என்று பந்தை வாங்கித் தூணுக்குப் பின்னால் போனேன். பையிலிருந்த நைசுத் தாளால் அவசரமாக இழைத்தேன். வழுக்க எண்ணெய் வேண்டும். தீவிலேயே மிச்சமிருந்தது என் தலையில்தான், காலையில் வழிய வழியத் தேய்த்திருந்தேன். தொப்பியைக் கழற்றிவிட்டுப் பந்தைத் தலையில் உருட்டினேன்.

திருச்சிக்காரர் பார்த்துவிட்டார். "உங்க ஆளு என்னய்யா பண்றான், பந்துக்கு ஓதறானா?"

"அவன் வழக்கம் சார் அது," என்றார் மேனேஜர் கண் சிமிட்டாமல்.

ஒவ்வொரு முறையும் பந்து என் தலைக்கு வந்துதான் போனது. மேனேஜர் ரெண்டு கட்டை வித்தியாசத்தில் ஜெயித்தார். நின்ற இடத்திலேயே லீவில் கையெழுத்துப் போட்டார். திருச்சிக்காரர் என்னை விரலால் கூப்பிட்டார். கதை முடிந்தது என்றே போனேன்.

"கப்பலுக்குப் பேர் குடுத்திருக்கியா?"

"குடுத்திருக்கேன் சார்."

"வர்ற கப்பல்லயே உனக்கு பங்க் தரேன், படுத்துக்கிட்டே போ. அடுத்த மாசம் மறுபடி ஆட்டம் இருக்கு. அதுக்குள்ள நீ இந்தத் தீவுல இருக்கக்கூடாது."

நிக்காஹ் குறித்த நாளில் நடந்தது. திரும்பத்தான் இடம் கிடைக்கவில்லை. மெட்ராஸ் ஆபீசில் எப்போது கேட்டாலும் "ஃபுல்." திருச்சிக்காரர் கை அவ்வளவு நீளம். மேனேஜர் தந்திமேல் தந்தி அடித்தார். ஒரு மாச லீவு மூன்று மாசமானது.

அந்தக் காலத்தில் எங்கள் ஆட்கள் நிக்காஹ் முடிந்து பத்தே நாளில் கப்பலேறுவார்கள், அடுத்து மனைவியைப் பார்க்க வருஷமாகும். எனக்கு மூன்று மாசம் கிடைத்தது. அதுபோல் சந்தோஷமாக நான் இருந்ததேயில்லை.

புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: பந்தைத் தேய்க்கிறதுக்கு முன்னால் பலகையைத் தொட்டுப் பாருங்கள். நான் திரும்பி வந்ததும் மேனேஜர் கல்யாணம் எப்படி நடந்தது என்றுகூடக் கேட்கவில்லை.

"ரெண்டு ஆட்டம் தோத்துட்டேன்யா. தொப்பியைக் கழட்டு, எண்ணெய் இருக்கா பாப்போம்."